கொத்தும் கோழி, சப்பும் கன்று, நாக்குச் சுழற்றும் மாடு: வாய்க்கு வேலை கொடுப்பது எப்படி?

கட்டையில் நிற்கும் மாடு தலையைத் தூக்கி நாக்கை வெளியே நீட்டுகிறது. ஒரு பக்கமாக வளைத்து உள்ளே இழுத்து மறுபடி நீட்டுகிறது. வாயில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே வேலைதான். பக்கத்து வளவில் கன்றுகள் ஒன்றின் காதை ஒன்று சப்புகின்றன. கோழிக்கூட்டில் ஐந்தாறு கோழிகளுக்கு வாலடியில் இறகில்லை. இவை தனித்தனி நோய்கள் அல்ல. நாள் முழுக்க வாயால் செய்யவேண்டிய வேலையைப் பறித்துவிட்டால் வாய் சும்மா இராது. கிடைத்ததில் செய்யும், கிடைக்காவிட்டால் காற்றில் செய்யும்.

திருகோணமலைப் பக்கம் இந்தத் தொல்லை இரண்டு காலத்தில் கூடும். ஒன்று பெரும்போகம் விதைத்த பிறகு. கிண்ணியா, தம்பலகாமம், மூதூர், கந்தளாய் என்று வயல் உள்ள இடமெல்லாம் மாடு வயலுக்குள் இறங்கக்கூடாது. தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக ஆளில்லாதவர்கள் வீட்டோடு கட்டிவிடுகிறார்கள். மற்றது கச்சான் காற்று வீசும் மாதங்கள். புல் கருகிவிடும், கோழிக்கூடு கொதிக்கும். இந்த இரண்டு காலத்துக்கும் முன்னரே ஆயத்தம் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தலையெடுக்காது.

முதலில் நோயில்லை என்று உறுதி செய்யுங்கள்

நாக்குச் சுழற்றும் மாட்டுக்கு எச்சில் நூலாக வடிந்து, கால் நொண்டி, வாயில் அல்லது குளம்பிடையில் கொப்புளமும் இருந்தால் அது கால்-வாய் நோயாக இருக்கலாம். தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி ஒரே திசையில் வட்டம் போடும் ஆடு மாட்டுக்கு மூளையில் கோளாறு இருக்கலாம். திடீரென்று குணம் மாறி, குரல் மாறிக் கத்தி, விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும் விலங்கின் வாய்க்குள் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடாதீர்கள். அது விசராக இருக்கலாம். இந்த மூன்றிலும் உடனே அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிடவேண்டும்.

எலும்பு, மண், பழந்துணி மெல்லும் மாட்டுக்குப் பெரும்பாலும் பொஸ்பரஸ் அல்லது உப்புப் பற்றாக்குறை. கனியுப்புக் கலவை கொடுத்துப் பாருங்கள். கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கி எறியவும் வேண்டும், ஏனென்றால் அழுகிய எலும்பிலிருந்து நஞ்சேறி மாடு படுத்துவிடும். பொலித்தீன் தின்பது வேறு கதை. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானானாலும் பட்டணத்து மாடானாலும் பையில் ஒட்டிய சோற்றுக்கும் உப்புக்கும்தான் அதை மெல்லுகின்றன. அங்கே திருத்தவேண்டியது விலங்கையல்ல, குப்பையை.

எண்ணிப் பார்ப்பது

"எந்நேரமும் கொத்துது" என்பது கணக்கல்ல. எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் எண்ணுங்கள். காலைத் தீனுக்கு முன், நடுப்பகல், பின்னேரத் தீன் முடிந்த கையோடு, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் எத்தனை விலங்கு அந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்று கொப்பியில் குறியுங்கள். தீன் போடும் ஆளைக் கண்டாலே விலங்கின் நடத்தை மாறிவிடும் என்பதால் வேலிக்கு வெளியே, காற்று விலங்கிலிருந்து உங்கள் பக்கம் வீசும் இடத்தில் இருந்து பார்ப்பது நல்லது.

எந்த நேரத்தில் கூடுகிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். தீனுக்கு முன் கூடினால் காத்திருப்பு மிஞ்சியிருக்கிறது, நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது என்று பொருள். வாளிச் சத்தம் கேட்டு அரை மணி கழித்துத் தீன் வரும் கொட்டிலில் இது நிச்சயம் இருக்கும். எல்லாம் தயாரானபின் வாளியைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். தீன் முடிந்தவுடன் கூடினால் வயிறு நிரம்பிய வேகத்துக்கு வாய் ஓயவில்லை. நடுப்பகலில் மட்டும் கூடினால் வெயிலையும் நெரிசலையும் பாருங்கள்.

கோழி

மூன்றிலும் பணத்தை அதிகம் தின்பது கோழியின் இறகு பிடுங்கல்தான். கொத்து புண்ணாகி, புண் சாவில் முடியும். நம் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி பகலில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை நிலத்தைக் கொத்தியும் கிளறியும் கழிக்கும் பறவை. கூட்டுக்கோழிக்கு ஒரு நாள் தீனான 110 முதல் 120 கிராம் ஒரே தொட்டியில் கிடைத்துவிடுகிறது. மீதி நேரத்துக்குக் கொத்த அதற்கு எதிரில் இருப்பது இன்னொரு கோழியின் இறகு மட்டும்.

இறகு எங்கே போயிருக்கிறது என்று இருபது கோழியையாவது கையில் தூக்கிப் பாருங்கள். வாலடியும் முதுகின் பின்பகுதியும் வெறுமையாகி, ஒடிந்த இறகுத் தண்டுகள் மட்டும் நின்றால் பிடுங்கல். கழுத்தின் கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தீன் தொட்டியின் விளிம்பு உரசுகிறது. நடு முதுகில் நகக்கீறல் இருந்தால் சேவல் மிதித்தது, பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். குதத்தைச் சுற்றி இறகடியில் வெள்ளை முட்டைக் குவியல் ஒட்டியிருந்தால் பேன். கழுத்தில் தொடங்கி, விழுந்த இடத்தில் புது இறகுக் குருத்து வந்துகொண்டிருந்தால் அது இயல்பான இறகு உதிர்தல். இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. பிடுங்கல் முற்றிய கூட்டில் நிலத்தில் இறகே கிடக்காது, பிடுங்குகிற கோழி அதைத் தின்றுவிடும்.

இரத்தம் கண்ட அன்றைக்கே செய்யவேண்டியவை உண்டு. புண்பட்ட கோழியை உடனே பிரித்து, மிருக வைத்தியரிடம் கேட்டு ஊதா நிற மருந்து அடியுங்கள். சிவப்பு நிறம்தான் மற்றக் கோழிகளை இழுக்கிறது. பிறகு கூட்டுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கோழிகள்தான் தொடங்கி வைக்கும். அவற்றின் காலில் நூல் கட்டி வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நேரே வெயில் விழும் இடத்துக்குக் கிடுகைச் சாய்த்துக் கட்டுங்கள். கிடுகுக்குக் கீழே காற்று புகும் இடைவெளி இருக்கட்டும். முழுவதும் மூடினால் பிடுங்கல் குறையுமுன் சூட்டில் கோழி சாகும். ஆறிய கோழியைத் திரும்ப விடுவது பொழுதுபட்ட பிறகு, முடிந்தால் இரண்டாகச் சேர்த்து.

தண்ணீரில் உப்புக் கரைத்துக் கொடுக்கும் பழைய வைத்தியம் ஒன்றிருக்கிறது. தீனில் உப்புக் குறைந்தால் கோழி பிடுங்கும் என்பது உண்மை. ஆனால் நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரத்தில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் ஏற்கெனவே உவர். அதில் மேலும் உப்புப் போட்டால் கோழி கழிந்து சாகும். உப்பைத் தீனில் சரிபாருங்கள். 100 கிலோ தீனுக்கு 250 முதல் 500 கிராம் போதும்.

வீட்டில் தீன் கலப்பவர்கள் தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் கூட்டிக்கொண்டே போவார்கள். புண்ணாக்கில் புரதம் உண்டு, ஆனால் இறகுக்கு வேண்டிய மெதியோனின், லைசின் என்ற புரதக் கூறுகள் குறைவு. இறகைத் தின்னும் கோழி பல வேளை அதைத்தான் தேடுகிறது. உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்த சிறுமீன் தூளை 100 கிலோவுக்கு 5 கிலோ வரை சேர்க்கலாம். கருவாட்டு வாடிக் கழிவு மலிவுதான், ஆனால் அதில் உப்பு அதிகம், அதைத் தொடாதீர்கள். முட்டையிடும் கோழியின் தீனில் மொத்தப் புரதம் 16 முதல் 18 வீதம் இருக்கவேண்டும். கடைத்தீன் வாங்கினால் பெல்லட்டை விட லேயர் மாஷ் நல்லது. தூளைத் தின்று முடிக்கக் கோழிக்குக் கூடிய நேரம் எடுக்கும், அந்த நேரம் நமக்கு லாபம். தீன் வகையை மாற்றுவதானால் ஒரு வாரமாகச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். திடீர் மாற்றத்துக்குப் பிறகுதான் பல கூடுகளில் பிடுங்கல் தொடங்குகிறது.

இனி வாய்க்கான வேலை. நிலத்தில் உமி அல்லது மரத்தூள் நான்கு அங்குலம் இருக்கட்டும். நெல் ஆலை உள்ள ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பரப்பிவிட்டுப் போனால் அது வெறும் மெத்தைதான். அதற்குள் நெல்லோ குரக்கனோ எறிந்தால்தான் கிளறக் காரணம் கிடைக்கும். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 5 முதல் 10 கிராம், அதாவது 50 கோழிக்கு அரைக் கிலோவுக்குள், காலையும் பின்னேரமுமாகப் பிரித்துத் தூவுங்கள். அதைவிடக் கூட்டினால் தானியத்தால் வயிறு நிரம்பித் தீனிலுள்ள புரதம் குறைந்துபோகும், பிடுங்கல் திரும்பி வரும். உச்சி வெயிலில் தூவவேண்டாம். முழுத் தானியம் தின்னும் கோழிக்கு இரைப்பையில் அரைக்கப் பருமணல் வேண்டும். கடற்கரை மணலானால் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

முருங்கைக் குழை, கங்குங் கட்டு, பப்பாசித் துண்டு எதையும் நிலத்தில் போடாமல் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். ஆடும் பொருளைக் கொத்தக் கூடிய நேரம் எடுக்கும். வெள்ளைப் பொதிகட்டும் கயிற்றை 20 சென்ரிமீற்றர் நீளத்தில் எட்டு இழை வெட்டி நடுவில் முடிந்து தொங்கவிட்டாலும் கோழிகள் இழுத்துக்கொண்டிருக்கும். நார் பிரிந்ததும் மாற்றிவிடுங்கள், விழுங்கினால் கண்டப்பையில் சிக்கும். ஒரு மூலையில் மூன்றடிக்கு இரண்டடிப் பெட்டியில் அரையடி மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள், கோழி புரண்டு குளிக்க. மாரியில் சாம்பல் நனைந்தால் தோலை அரிக்கும், காய்ந்ததாக மாற்றவேண்டும். ஈரமான உமியும் அப்படித்தான். கட்டியாகிவிட்டால் கோழி அதைக் கிளறாது. நாளுக்கொரு தடவை மண்வெட்டியால் புரட்டி, நனைந்த பகுதியை வெளியே எறியுங்கள்.

இடமும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் கொண்டுவந்த முட்டைக்கோழி விதி ஒரு சதுர மீற்றருக்கு 9 கோழி வரை விடுகிறது. அது குளிர்தேசக் கணக்கு. நம் வெக்கைக்குக் கோழிக்கு இரண்டு சதுர அடி, அதாவது பத்துக்குப் பத்தடிக் கூட்டில் 50 என்பது மேல் எல்லை. கச்சானில் 40 இருந்தால் நிம்மதி. இருப்புத்தடி கோழிக்கு 15 சென்ரிமீற்றர் வீதம் வேண்டும். அதை முழங்கால் உயரத்தில் கட்டுவது பெரும் பிழை. நிலத்தில் நிற்கும் கோழியின் அலகுக்கு நேரே மேலே இருக்கும் கோழியின் குதம் வந்துவிடும். இரண்டரை அடிக்கு மேலே கட்டி, ஏற ஒரு சாய்ந்த தடி வையுங்கள்.

குதத்தைக் கொத்துவது முட்டைப்பெட்டியில்தான் தொடங்குகிறது. முட்டை வெளிவந்த சில கணங்களுக்குக் குதத்தின் உட்சதை சிவப்பாக, ஈரமாக வெளியே தெரியும். பெட்டி வெளிச்சமாக இருந்தால் வரிசையில் நிற்கும் அடுத்த கோழி அதைக் கண்டு கொத்தும். ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி, வாசலில் சாக்குத் திரை, உள்ளே இருட்டு. இதைச் செய்தாலே பல கூடுகளில் சாவு நின்றுவிடும். 18 வாரத்துக்கு முன் பல்ப் போட்டு முட்டைக்கு அவசரப்படுத்தினால் சிறிய உடம்பில் பெரிய முட்டை வந்து குதம் வெளித்தள்ளும். பிறகு திரை போட்டும் பயனில்லை.

அலகு வெட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. அது கொத்தும் ஆசையைக் குறைப்பதில்லை, கொத்தால் வரும் காயத்தை மட்டும் குறைக்கிறது. வெட்டிய நுனியில் நரம்பு வலி நீடிக்கலாம். குஞ்சிலேயே உமியில் வளர்த்து, நாலாம் வாரத்துக்குள் தாழ்ந்த இருப்புத்தடியில் ஏறப் பழக்கிய கோழிக்கு அந்த வெட்டு பெரும்பாலும் தேவைப்படாது. முதல் சில வாரம் வெறும் கடதாசியிலும் கம்பிவலையிலும் நின்ற குஞ்சுதான் வளர்ந்து பிடுங்கும்.

கன்று

கன்றுக்குச் சப்பும் வேகம் பால் குடித்து முடிந்த கையோடுதான் உச்சத்துக்குப் போகும். பத்து நிமிடமளவில் தானே தணியும். வாளியில் ஊற்றிய பாலைக் கன்று இரண்டு நிமிடத்தில் உறிஞ்சிவிடுகிறது. மிச்ச வேகம் பக்கத்துக் கன்றின் காதிலும் தொப்புளிலும் மடியிலும் இறங்கும். தொப்புளில் சீழ் பிடிக்கும், கிடாரிக் கன்றின் காம்பு கெடும். நக்கி விழுங்கிய மயிர் வயிற்றில் உருண்டையாகும்.

தாயோடு விட்டுக் கறக்கும் நம் ஊர் வழக்கமே இதற்கு நல்ல மருந்து. கறக்குமுன் கன்றை ஊட்டவிட்டு, கறந்தபின்னும் 15 முதல் 30 நிமிடம் தாயோடு விடுங்கள். ஒரு காம்பையாவது கறக்காமல் கன்றுக்கு விட்டால் கன்றும் தேறும், மடியில் பால் தேங்காததால் மடிநோயும் குறையும். பால் குறைகிறதே என்று கன்றை முற்றாகப் பிரிப்பவர் மாதக்கடைசியில் மருந்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

பிரித்துத்தான் வளர்க்கவேண்டுமென்றால் பாலை இறப்பர்க் காம்பு பூட்டிய வாளியில் கொடுங்கள். காம்பைத் தலைகீழாகப் பிடித்தால் பால் துளித்துளியாகச் சொட்டவேண்டும், ஓடக்கூடாது. கன்று சப்பிச் சப்பித் துளை பெருத்துவிட்டால் காம்பை மாற்றுங்கள். பால் முடிந்ததும் வாளியை உடனே எடுக்காமல் வெறும் காம்பை இன்னும் பத்து நிமிடம் சப்பவிடுங்கள். எடுக்கும்போதே முகத்துக்கு நேரே இளம் புல்லையும் கொஞ்சம் கன்றுத்தீனையும் வையுங்கள். 25 கிலோக் கன்றுக்கு நாளைக்கு 2.5 லீற்றர் பால் என்பது மிகக் குறைந்த அளவு. 4 லீற்றர், மூன்று தடவையாகக் கொடுத்தால் பசிச் சப்பல் தானே அடங்கும். அப்படியும் சப்பினால் பால் குடித்த 20 நிமிடம் மட்டும் தனித்தனியே கட்டி, பிறகு ஒன்றாக விடுங்கள். நாள் முழுக்கத் தனியே கட்டினால் அது வேலி மரத்தைச் சப்பும். மூக்கில் முள்வளையம் மாட்டுவது சப்பப்படும் கன்றைக் காப்பாற்றும், சப்பும் கன்றின் பசியைத் தொடாது. காம்பையும் வாளியையும் ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் கழுவாவிட்டால் கழிச்சல் வரும், இவ்வளவு பாடும் வீண்.

கட்டி நிற்கும் மாடு

மேயும் மாடு நாளில் எட்டு மணி நேரமளவு புல்லை நாக்கால் சுருட்டிக் கடிக்கும், கிட்டத்தட்ட அதே அளவு நேரம் அசைபோடும். காற்றில் சுழலும் நாக்கு அந்தச் சுருட்டலைத்தான் செய்கிறது. அதனால் மருந்து புண்ணாக்கில் இல்லை, நீளமான நார்த்தீனில் இருக்கிறது.

கணக்கு இப்படி. 250 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2.5 வீதம், அதாவது ஆறேகால் கிலோ உலர்தீன் வேண்டும். இரண்டு கிலோ புண்ணாக்கு-தவிடு போனால் மீதி நாலு கிலோவுக்கு மேல் நார்த்தீன். வைக்கோலாக ஐந்து கிலோ, அல்லது பச்சைப் புல்லாக 20 கிலோவுக்கு மேல். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதை மறந்து ஒரு கட்டுப் புல்லோடு விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. வைக்கோலில் சத்துக் குறைவு, ஆனால் மெல்லும் நேரம் அதிகம். சத்தை இபில் இபில், சீமைக்கிளுவைக் குழையால் ஈடுசெய்யலாம். சீமைக்கிளுவையை வெட்டி ஒரு நாள் வாடவிட்டால் மாடு முகம் திருப்பாது. சிறுபோக அறுவடை முடியும் ஆகஸ்ட், செப்டெம்பரில் வைக்கோலை எரிக்கவிடாமல் போர் போட்டு மூடிவையுங்கள். மாரியில் மாட்டைக் கட்டும்போது கைகொடுக்கும்.

அன்றைய நார்த்தீனை நாலாகப் பிரித்து, கடைசிப் பங்கை இரவுக்கு வையுங்கள். பொடியாக வெட்டவேண்டாம், விரலை விட நீளமாக இருக்கட்டும். கம்புச் சட்டத்தில் மூன்று நாலு அங்குல இடைவெளி விட்டு அதற்குள் வைக்கோலைத் திணித்தால் மாடு இழுத்து இழுத்துத் தின்னும். மீன்வலையில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கொம்பு மாட்டும், நைலோன் இழை வயிற்றுக்குள் போகும். சாப்பிட்ட பின் படுத்திருக்கும் மாடுகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் அசைபோட்டால் நார் போதும்.

கயிறு மாடு திரும்பவும், படுக்கவும், தன் விலாவை நக்கவும் விடவேண்டும். நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வளவில் அவிழ்த்துவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும். உராயக் கட்டைக்குத் தும்புக்கயிறு இறுக்கிச் சுற்றுங்கள், அல்லது பழைய தும்புத்தடித் தலையை ஆணியடியுங்கள். கச்சானில் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்கட்டும், நிழலில்.

ஆடு, நாய்

ஆடு மரத்தைக் கடித்தால் குழையை நிலத்தில் போடாமல் கழுத்துக்கு மேலே கட்டுங்கள், முன்காலைத் தூக்கி எட்டித் தின்னட்டும். ஏறி நிற்க ஒரு மேடை போதும். சங்கிலியில் வட்டம் போடும் நாய்க்கு இரண்டு மரத்துக்கிடையே கம்பி இழுத்து வளையம் ஓடவிடலாம், ஆனால் அது அரைத் தீர்வு. காலையும் மாலையும் அரை மணி நேரம் கயிற்றோடு நடத்திக் கூட்டிப்போனால்தான் நிற்கும்.

எவ்வளவு நாளில்?

கன்று சில நாளிலேயே மாறும். கோழியில் ஒடிந்த இறகு அடுத்த இறகு உதிர்தல் வரை மாறாது. ஆகவே இறகைப் பார்க்காமல் கொத்துகளை எண்ணுங்கள், மூன்று வாரம் கழித்து முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது.

பல வருடம் நாக்குச் சுழற்றிய மாடு எல்லாம் சரிசெய்த பிறகும் முற்றாக நிறுத்தாமல் போகலாம், பழக்கம் மூளையில் பதிந்துவிட்டது. அதை வைத்து முயற்சி தோற்றது என்று முடிவெடுக்காதீர்கள், கொட்டிலில் மற்ற மாடுகளின் கணக்கைப் பாருங்கள். அதே கட்டையில் ஒன்றுமே செய்யாமல் தலையைத் தொங்கவிட்டு நிற்கும் மாட்டையும் விட்டுவிடக்கூடாது. ஒரே கொட்டிலில் சுழற்றும் மாடு எப்படியோ சமாளிக்கிறது, சும்மா நிற்பது அதைவிட மோசமான நிலையில் இருக்கலாம். அதன் விலா எலும்பு, குளம்பு, சாணி மூன்றையும் முதலில் பாருங்கள். சுழற்றும் பசு ஈன்ற கிடாரிக் கன்றுக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே இளம் புல்லை வாய்க்கெட்டும் தூரத்தில் வைத்துப் பழக்குங்கள்.